மோடத்துக்குச் சந்தனப் பொட்டு

சாம்பிராணிக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை.

இப்போதெல்லாம் யார் வீட்டில் வெள்ளிக்கிழமை தூபக்கால் புகைந்தாலும் என் மூக்கு முதலில் அந்த இரண்டாவது வாசனையைத்தான் தேடுகிறது. பக்தி வருவதில்லை. ஜொகூரில், பெர்மாஸ் ஜெயாவில், அக்கா வீட்டுக் கூடம் வருகிறது. அந்தக் கூடத்தின் ஒரு சுவரை முழுசாக விழுங்கிவிட்டு ஏப்பம் கூட விடாமல் நின்ற தொலைக்காட்சி வருகிறது. அதன் கறுப்புத் திரையின் நடுவில் சுற்றிக்கொண்டே இருந்த ஒரு வெள்ளை வட்டம் வருகிறது. செக்குமாடு கூட நடுவில் ஒரு தடவை நின்று மூத்திரம் பெய்யும். அந்த வட்டம் அதற்கும் நிற்காது.

ஸ்மார்ட் டிவி என்று பெயர். அறிவுள்ள டிவியாம். அந்த அறிவுக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்த, செங்கல் அளவுகூட இல்லாத ஒரு வெள்ளைப் பெட்டியிலிருந்து. மோடம். அது மூச்சு விட்டால் இது பேசும். அது மூச்சை நிறுத்தினால் இந்த ராட்சசன் வட்டம் சுற்றும். எத்தனையோ மனிதர்களை எனக்கு அது ஞாபகப்படுத்தியது. உடம்பெல்லாம் பளபளப்பு, உயிர் மட்டும் இன்னொருவர் கையில்.

அக்கா என்னைக் கூப்பிட்டது ஒரு வியாழக்கிழமை. "டேய், கண்ணாடிக்காரா, நாளைக்கு வந்து இந்த வைஃபைய என்னன்னு பாரு" என்றாள். கண்ணாடி போட்டவனுக்கு மின்சாரம், வருமான வரி, பாம்புக்கடி எல்லாம் தெரியும் என்பது அவளுடைய நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாக்கியத்தை உடைப்பதும் ஒட்டுவதும். அதைச் சொன்னால் கேட்கமாட்டாள்.

"ஞாயித்துக்கெழம சின்னவன் புள்ளைக்குப் பேர் வைக்கிறாங்க. டிவியிலதான் நான் பேர் சொல்லணும். லைன் வரலன்னா நான் என்னா செய்வேன்?"

அவள் குரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சின்னவன் எங்கள் தம்பி. ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இருக்கிறான். ஊர் உலகமெல்லாம் எல்லைகளைப் பூட்டிக்கொண்டு கிடந்த நோய்க்காலத்தில் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். தாலியின் மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்காள் போட வேண்டியது. விமானம் இல்லை. பெண்ணின் சித்தி மகள் யாரோ போட்டுவிட்டாள். அந்த முடிச்சைப் பற்றி அக்கா அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலேயே ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்குப் பரிமாறினாள்.

இப்போது குழந்தை. அத்தை காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லவேண்டும். அந்த அத்தை இவள்தான். முட்டி தேய்ந்து, வாசல் படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறவள் பெர்த்துக்குப் போக முடியாது. சின்னவனே சொல்லியிருந்தான்: "நீங்க டிவியில சொல்லுங்க, நான் ஸ்பீக்கர புள்ள காதுகிட்ட வைக்கிறேன்." கூடவே இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தான், மடையன்: "லைன் கிடைக்கலன்னா பரவால்ல அக்கா, இங்க அவ அக்கா இருக்காங்க, அவங்க சொல்லிடுவாங்க."

பரவால்ல அக்கா. இந்த மூன்றாவது முடிச்சும் போய்விடும் என்பதை இவ்வளவு இனிமையாக யாராலும் சொல்ல முடியாது.

"போன்ல சொல்லிடுங்களேன்" என்றேன்.

"போனா? இந்த வரிசையில போன் லைன் குப்பத்தொட்டிகிட்டதான் ஏறும். குப்பத்தொட்டி பக்கத்துல நின்னுகிட்டா நான் என் மருமகளுக்குப் பேர் வைப்பேன்?"

வெள்ளிக்கிழமை மதியம் தெப்ராவில் என் வீட்டிலிருந்து கிளம்பினேன். நெடுஞ்சாலையில் பகல் கொதித்துக்கொண்டிருந்தது. லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தபோது, ஒரு வட்டம் சுற்றுவதை நிறுத்துவதற்காக இத்தனை சக்கரங்கள் சுற்றுகின்றனவே என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் மூவரும் ரெங்கம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பிறந்தவர்கள். அதைப் பற்றி உருகுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே எனக்கு நினைவிருப்பது கொசுவும், கத்தினால் மூன்றாவது லயத்து வீடுகளுக்கும் கேட்கும் அக்காவின் தொண்டையும்தான். அந்தத் தொண்டைக்கு அப்போது வைஃபை தேவைப்பட்டதில்லை.

வாசலில் அக்கா புருஷன் நின்றார். மாமா என்று கூப்பிடுவேன். விடியுமுன்னே பைக்கில் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும். வாய் இன்னும் தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறது.

"வா மச்சான். டிவி எல்லாம் டாப்பு. லைன்தான் சக்கை. சிங்கப்பூர்ல இந்த மாதிரி லைன் குடுத்தா கம்பெனிய இழுத்து மூடிருவான்."

டிவியின் ஓரங்களில் கடையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பை. டிவியின் தலையில், சுவரில் ஒட்டிய பூச்சி மாதிரி ஒரு சின்னக் கேமரா. மாமா எதையோ அழுத்தி அதை மலாய் மொழிக்கு மாற்றிவிட்டிருந்தார். திருப்பி மாற்றும் இடமும் மலாயில் இருந்ததால் யாரும் திருப்பவில்லை. ஆகவே அறிவுள்ள அந்த டிவி எங்களைப் பார்த்து, இணைப்பு இல்லை என்பதை மலாயில் சொல்லிக்கொண்டிருந்தது: தியாடா சம்புங்கான். தியாடா சம்புங்கான். ஒரு தமிழ் வீட்டுச் சுவரில், இரண்டு தமிழர்களின் முகத்துக்கு நேராக.

"இப்ப பாரு" என்றார் மாமா. மந்திரவாதியின் நடை. எதிர்ச் சுவருக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். பிளக்கைச் செருகினார். வட்டம் மறைந்தது. ஒரு சமையல்காரி திரையில் தோன்றி வெங்காயம் வெட்டினாள்.

"பாத்தியா? கை ராசி."

"அப்பறம் எதுக்கு என்னைய கூப்பிட்டீங்க?"

"சாயங்காலம் கை ராசி வேல செய்ய மாட்டேங்குது."

அதுதான் விஷயம். பகலில் விழுந்தாலும் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் ஓடும். மாலையானால் விழும். வெள்ளிக்கிழமை மாலை எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதற்கு அந்த வீட்டில் விளக்கங்களுக்குப் பஞ்சம் இல்லை. மாலையில் தாமான், அதாவது இந்தக் குடியிருப்பு முழுக்க, வேலையிலிருந்து திரும்பி வந்து லைனை உறிஞ்சுகிறது என்றார் மாமா. மழை என்றார். பக்கத்து வீட்டுக்காரன் பாஸ்வேர்டைத் திருடிவிட்டான் என்றார். அக்காவிடம் ஒரே விளக்கம்தான் இருந்தது. "இம்மாம் பெரிய டிவி வாங்குனா கண்ணு படாதா?" முந்தின நாள்தான் மிளகாயும் உப்பும் எடுத்து அந்த டிவிக்குச் சுற்றிப் போட்டிருந்தாள். அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். திருஷ்டி கழிந்து சுவரில் கம்மென்று நிற்கும் ஒரு மின்னணுச் சாதனம். அவமானம் யாருக்கு என்றுதான் தெரியவில்லை.

நானும் என் பங்குக்கு அவமானப்பட்டேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து. நடுவில் ஒரு சங்கீதம். பாடையில் போகிறவனையும் எழுந்து உட்காரவைக்கும் சங்கீதம். அது மூன்று முறை முடிந்து மூன்று முறை பிறந்தபின் ஒரு பெண் வந்தாள். தேன் தடவிய குரல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மோடத்தை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தீர்களா என்றாள்.

மாமா ஸ்பீக்கரில் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டினார். "அதான! நான் சொன்னதத்தான் அவளும் சொல்றா. எனக்கு அங்கயே வேல குடுக்கலாம்."

ஆள் அனுப்ப முடியுமா என்றேன். அடுத்த வாரம் முடியும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று சொன்னேன். வாழ்த்துகள் ஐயா என்றாள். தொண்டை வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன். தேனின் மேல் துப்பினால் நமக்குத்தான் ஒட்டும்.

லைன் மறுபடி விழுந்துவிட, மாலை முழுவதும் அந்த டிவியோடு போராடினேன். ரிமோட்டின் பிளாஸ்டிக் பை வியர்வையில் கையோடு ஒட்டியது. டிவியின் அமைப்புகளுக்குள் இறங்கினேன். ஒரு கதவைத் திறந்தால் ஐந்து கதவுகள். எல்லாக் கதவிலும் மலாய். பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் திரையில் நகர்ந்து நகர்ந்து பொறுக்கினேன். கண் தெரியாதவன் அரிசியில் கல் பொறுக்குவதுபோல. பாஸ்வேர்டு முருகன் பெயர், பின்னால் மாமாவின் பைக் நம்பர். கடைசி எழுத்தில் கை தவறினால் எல்லாம் அழியும். அழிந்தது. மறுபடி பொறுக்கினேன்.

"கவித எழுதுற கை. இதுக்கெல்லாம் ஆகாதுலா" என்றார் மாமா, சோபாவில் கால் நீட்டிக்கொண்டு.

"ஒங்க கை ராசிய எடுத்துக்கிட்டு கொஞ்சம் வெளிய போய் நில்லுங்க மாமா."

லைன் கிடைத்தது. நன்றாகவே கிடைத்தது. வெங்காயக்காரி சாம்பார் வரைக்கும் வந்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையில் துண்டோடு வந்தாள். சாமி மேடையில் விளக்கேற்றினாள். வெள்ளிக்கிழமை என்பதால் பெரிய குத்துவிளக்கு, ஐந்து முகமும். தூபக்காலில் கரி கனிந்து சிவந்ததும் சாம்பிராணி போட்டாள். கூடம் மங்கியது. முருகன் புகைக்குள் போனார். சமையல்காரியும் போனாள். கரண்டியைத் தூக்கியபடி உறைந்து, சதுரம் சதுரமாகச் சிதறி, கறுப்பானாள். வட்டம் வந்தது.

"பாத்தியா, ஏழு மணிக்கு தாமான் முழுக்க உறிஞ்சுறான்" என்றார் மாமா.

நான் அவரைப் பார்க்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாம்பிராணிக்கு அடியில் அந்த இரண்டாவது வாசனை அப்போதுதான் வந்தது. அதன் பின்னாலேயே போனேன். அது என்னைச் சாமி மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனது.

எதிர்ச் சுவரை ஒட்டிய அந்த மேடையில்தான் மோடம் இருந்தது. முருகன் படத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில், பித்தளைத் தாம்பாளம் ஒன்றின் மேல் சாய்ந்துகொண்டு. லைன் போட வந்தவனுக்கு வாசல் பக்கத்துச் சுவரில் ஓட்டை போடுவதுதான் சுலபமாக இருந்திருக்கிறது. எங்கே வைப்பது என்று அவன் கேட்டதற்கு அக்கா, "சாமிகிட்டயே வெச்சிருங்க, யாரும் கை வைக்க மாட்டாங்க" என்றிருக்கிறாள். பிறகு ஆயுத பூஜை வந்திருக்கிறது. மாமாவின் கார், பைக், அக்காவின் தையல் மெஷின், துளை போடும் கருவி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, வீட்டுக்கு உழைக்கிற இன்னொரு ஆயுதமென்று மோடத்துக்கும் வைத்திருக்கிறாள். ஒரு பொட்டு அல்ல. தாராளமான மனசு. மோடம் மூச்சுவிடும் துளைகளின் மேல் வரிசையாகப் பூசி, காய்ந்து, சிமென்ட் ஆகியிருந்தது. அதன்மேல் தினம் விழுந்த திருநீறு. சிவப்பு விளக்கு எரிகிறதா பச்சை எரிகிறதா என்று பார்க்கவும் வழியில்லை. அதற்கு மேலேயும் குங்குமம்.

தொட்டேன். தோசைக்கல். கையை உதறினேன்.

ஆக, தினமும் மாலையில் விளக்கேற்றி, மூச்சடைத்துப்போன ஒரு பெட்டியை ஐந்து முகச் சுடரில் வாட்டி, புகை போட்டு, பிறகு லைன் போய்விட்டதே என்று அந்தச் சாமியிடமே முறையிட்டிருக்கிறார்கள். மாமாவின் கை ராசி என்பது அவர் சிகரெட் பிடித்து முடிக்கும்வரை மோடம் ஆறியது. அவ்வளவுதான். நான் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

"அக்கா, இத இங்கேருந்து எடுக்கணும்."

"எத?"

"மோடத்த. வெந்துகிட்டு இருக்கு. விளக்கு சூட்டுல."

"சாமிகிட்ட வெச்சத எடுக்கறதா? பொட்டு வெச்சாச்சுடா."

"அந்தப் பொட்டுதான் அடைச்சுகிட்டு இருக்கு!"

"ஒளறாத. பொட்டு வெச்சா வெளங்கும்பாங்க. அடைக்கும்னு நீதான் சொல்ற."

மாமா இந்த இடத்தில் எனக்கு உதவ வந்தார், அதாவது கெடுத்தார். "எடுக்கவும் முடியாது மச்சான். வயரு நூல் மாதிரி. சுவத்தோட அடிச்சிருக்கான். மடங்குனா ஒடஞ்சிரும்னு அவனே சொல்லிட்டுத்தான் போனான்."

வயரைப் பார்த்தேன். உண்மைதான். கண்ணாடி நரம்பு. மேடையை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்கவும் மிச்சம் இல்லை.

"அப்படின்னா ஞாயித்துக்கெழம காலையில விளக்கு ஏத்தாதீங்க. பேர் சொல்லி முடிச்சதும் ஏத்திக்குங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெளக்கு ஏத்தாம புள்ளைக்குப் பேர் வைக்கிறதா? நல்ல காரியத்துக்கு இருட்டுல நின்னு பேர் சொல்ல நான் என்ன திருடியா?"

காலை பத்து மணிக்கு ஜொகூரில் இருட்டு எங்கே இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அவள் முகத்தில் ஒரு பயம் இருந்தது. நான் சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்கிற பயம். விளக்கா, பெயரா என்று அவளை யாரும் கேட்கக் கூடாது.

சனிக்கிழமை காலை அக்கா கோயிலுக்குப் போனாள். மாமா கேட்டில் காவல் நின்றார். நான் பல்குச்சியும் பஞ்சும் கொண்டு மோடத்தின் சந்தனத்தைச் சுரண்டினேன். ஒவ்வொரு துளையாக. மஞ்சள் தூள் உதிர்ந்தது, திருநீறு உதிர்ந்தது, ஒரு செத்த எறும்பு உதிர்ந்தது. சாமி மேடை முன்னால் குந்தி உட்கார்ந்து இதைச் செய்யும்போது என்னைப் பார்த்தவர்கள் நான் ஏதோ வேண்டுதல் நிறைவேற்றுகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். தாம்பாளத்தை அகற்றிக் கீழே ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தேன்.

"அவ வர்றா, அவ வர்றா" என்று மாமா இருமினார். பெரிய மனுஷன், பேரப் பிள்ளை எடுக்கிற வயசு, பெண்டாட்டிக்குப் பயந்து இருமுகிறார். எழுந்து சோபாவில் போய் உட்கார்ந்து நானும் இருமினேன்.

அன்று மாலை விளக்கு எரிந்தது. லைனும் நின்றது. படம் ஆடவில்லை. மாமா என் தோளைத் தட்டினார். அக்கா எனக்குக் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கர்வத்தோடு வீடு திரும்பினேன். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. காற்று கூட என்னைப் பாராட்டுவதாகப் பட்டது. அவ்வளவு மட்டமான மனசு எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை போனபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. மாமா பாதித் தாமானைக் கூப்பிட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள். பட்டுப் புடவைகள். எல்லார் கண்ணும் டிவியின் மேல். முதல் நாற்காலியில் அக்கா, மாம்பழக் கலர் புடவையில், கல்யாணப் பெண் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு.

நான் நேராகச் சாமி மேடைக்குப் போனேன்.

மோடம் ஜொலித்தது. புதுச் சந்தனம், ஈரமாக, தடியாக, நான் சுரண்டிய ஒவ்வொரு துளையின் மேலும். நடுவில் குங்குமம். தலையில் ஒரு முழம் மல்லிகை. பக்கத்தில் ஒன்றல்ல, இரண்டு குத்துவிளக்குகள். முகங்கள் எல்லாம் எரிந்தன. தீப்பெட்டி முட்டு விளக்கேற்றப் போயிருந்தது.

"அக்கா! என்ன இது?"

"பொட்டெல்லாம் உதுந்து போயிருந்திச்சுடா. நல்ல நாளும் அதுவுமா அப்படியே விடுவாங்களா? வெச்சுட்டேன்" என்றாள், குழந்தை மாதிரி.

அந்த நிமிஷத்தில் நான் வெறுத்தவர்களின் வரிசை நீளமானது. டிவி செய்தவன், அதை விற்றவன், ஓட்டை போட்டவன், தேன் குரல்காரி, இருமிய மாமா, பட்டுப் புடவைகள். கடைசியில் நான், ஒரு மாலை முழுக்க உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதை என் அக்காவுக்குப் புரியும் தமிழில் சொல்லத் தெரியாதவன்.

டிவி மணி அடித்தது. சின்னவன் திரையில் வந்தான், கதவு அளவு முகத்தோடு. பின்னால் அவன் பெண்டாட்டி, அவள் அக்கா, தொட்டிலில் துணி சுற்றிய ஒரு சின்ன மூட்டை. கூடம் முழுக்க "அய்யோ அழகு" என்றது. மாமா தூபக்காலை எடுத்தார்.

"மாமா, புகை வேணாம்!"

"சும்மாரு மச்சான். சாங்கியம்."

புகை எழுந்தது. வாசனை வந்தது, முதல் வாசனை. அப்புறம் இரண்டாவது. ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். டிவி வந்த அட்டைப் பெட்டி, மாமா பத்திரமாக வைத்திருந்தது, கட்டில் அளவுக்கு நின்றது. அதன் ஒரு மூடியைப் பிடித்துக் கிழித்தேன்.

"அலமாக்! பெட்டியக் கிழிக்காதே! வாரண்டி போயிரும்!" மாமாவின் குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுகைக்கு அருகில் வந்தார்.

அட்டையோடு சாமி மேடை முன்னால் நின்று மோடத்துக்கு விசிறினேன். விளக்கு அணையக் கூடாது. மோடம் ஆற வேண்டும். சுடரைப் பக்கவாட்டில் விட்டு, பெட்டியின் தலைக்கு மட்டும் காற்று. கோயிலில் சாமரம் வீசுகிறவனுக்குக்கூட இத்தனை நுணுக்கம் தேவைப்படாது. புகை என் முகத்தில் அடித்தது. நாற்காலியில் இருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தியும். எல்லாம் சடங்கில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள்.

"அக்கா, அங்க யாரு சாமிக்கு விசிறுறது?" என்றான் சின்னவன் திரையிலிருந்து.

"ஒங்கண்ணன்தான். வேலவெட்டி இல்லாதவன். நீ ஸ்பீக்கர புள்ள காதுகிட்ட வை."

வைத்தான். கூடம் அடங்கியது. அக்கா எழுந்து, சுவரைப் பிடிக்காமல், டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். முதல் தடவை பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அது அந்தக் குழந்தையுடையது. குரல் போய்ச் சேர்ந்தது. சின்னவன் தலையாட்டினான்.

இரண்டாவது தடவை சொன்னாள். படத்தின் ஓரம் சதுரமாக உடைந்தது. சின்னவனின் ஒரு காது தனியே போய் நின்றது.

"வீசு மச்சான், வீசு!" மாமா தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இரண்டு கையாலும் காற்றை அள்ளி வீசினார். வாரண்டியை மறந்துவிட்டார். பெரிய மனசு. ஒரு சுடர் அணைந்தது. யாரும் பார்க்கவில்லை.

வட்டம் வந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். பின்வாங்கவில்லை. ரெங்கத்தில் மூன்றாவது லயத்துக்குக் கேட்கும் அந்தத் தொண்டையைத் திறந்தாள். அந்த வெள்ளை வட்டத்தின் முகத்தில், பெர்த் வரைக்கும் கத்திவிடுவதுபோல, மூன்றாவது தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். பட்டுப் புடவைகள் திடுக்கிட்டன. தெருவில் ஒரு நாய் குரைத்தது.

வட்டம் சுற்றியது. நான் விசிறினேன். என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வட்டம் சுற்றியது.

நின்றது. ஒரு குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கூடத்தை நிறைத்தது. படம் வந்தது. சின்னவன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"கேட்டுச்சு அக்கா. மூணும் கேட்டுச்சு. பயந்து அழுவுது பாரு."

"அழட்டும். அத்த சத்தம் இப்பவே பழகட்டும்."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணைத் துடைக்கவில்லை. திரும்பி, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றாள். அவள் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு விழுந்திருந்தது. எப்போது போட்டாள் என்று தெரியாது. அதை அவிழ்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். சின்னவன் அங்கே ஏதோ நன்றி சொல்ல வாயைத் திறந்தான். லைன் அப்போதுதான் ஒரேயடியாகச் செத்தது. சாப்பாடு முடியும்வரை அவன் அந்தச் சுவரில் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றான். அவனை மறுபடி உயிர்ப்பிக்க யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை. மாமாகூட.

கிளம்பும்போது அக்கா எனக்குச் சாப்பாடு தபாவ் செய்து கொடுத்தாள், சோறு தனி, பாயசம் தனியாகக் கட்டி. செருப்பைத் தேடும்போது சாமி மேடையைப் பார்த்தேன். நான் கிழித்த அட்டை மோடத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. அதற்கும் சந்தனம், குங்குமம். கேட்டுக்கு வந்து நின்றவளிடம், அடுத்த வாரம் ஆள் வரும்போது மோடத்தை அந்தச் சுவருக்கு, டிவி பக்கத்துக்கே மாற்றிவிடச் சொல்லுங்கள் என்றேன்.

"எதுக்குடா மாத்தணும்?" என்றாள், கேட்டைச் சாத்திக்கொண்டே. "அதான் அட்ட இருக்குல்ல. வெள்ளிக்கெழம சாயங்காலம் நீ வந்து வீசு."